பிரதான லைன் சிவப்பானது குறித்து

மேலே பதிவான பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது அறுபத்தொன்பது. புள்ளியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் நெட்வொர்க் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, தற்போது ஆலோசகராக வாரம் மூன்று நாள் சென்று வருகிறேன். அப்பிரிவின் இன்றைய தலைவி என் கணவருடைய தம்பியின் மனைவி, அதாவது என் ஓரகத்தி. அவளை அந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவளும் நானே.

மையத்தின் ஒவ்வொரு லைனிலும் வினாடிக்கு ஒரு முறை சிறு செய்தி அனுப்பி, அது போய்த் திரும்ப எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று அளப்பது வழக்கம். தாமதம் மிகுந்தால் அழைப்பவரின் பேச்சு துண்டு துண்டாகக் கேட்கும். இதற்காக நான் அமைத்த எண் பட்டியல் பதினாறு ஆண்டுகள் பயன்பட்டது. சென்ற ஆண்டு ஓரகத்தி அதே எண்களை எடுத்துப் பணிக்கூடத்தின் சுவர்த்திரையில் நகரும் கோடுகளாக ஓடவிட்டாள். எல்லைக்குள் இருந்தால் கோடு பச்சை, தாண்டினால் சிவப்பு. அதன் பின்னர் மையத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அத்திரைமுன் நின்று படம் எடுத்துக்கொண்டனர். என் கணவரும் ஒருநாள் வந்து அரைமணி நேரம் வாய் பிளந்து பார்த்துவிட்டு, "நீயும் இருபது வருஷமா இதையேதான பண்ணின, எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவ காட்டினதும் பளிச்சுனு புரிஞ்சிடுச்சு" என்றார். அதன் பின்னர் பத்து நாள் அவருடைய சட்டைகளுக்கு நான் இஸ்திரி போடவில்லை.

சம்பவ நாளன்று காலை பத்தரை மணிக்கு ஆய்வுக் குழு வந்தது. ஓரகத்தி அவர்களை எதிர்கொள்ள வாசலுக்குச் சென்றாள். அவளுடைய அறையில், அவள் பாஸ்வேர்டில், கணினி திறந்திருந்தது. நான் மட்டும் இருந்தேன். பிரதான லைனுக்குச் சிவப்பு எல்லை இருநூறு மில்லிவினாடி. அதில் ஒரு பூஜ்ஜியத்தை அழித்து இருபதாக்கினேன். அந்த லைனின் இயல்பான தாமதமே முப்பத்துநான்கு. விருந்தினர் முன்னிலையில் அவள் திருதிருவென்று விழிக்க வேண்டும் என்பதே என் நோக்கம். பதிவு செய்யும் அதிகாரி இங்கே 'ஆத்திரத்தில்' என்று எழுதினார். அடித்துவிட்டுப் 'பொறாமையில்' என்று எழுதச் சொன்னேன்.

கோடு சிவப்பானாலும், அழைப்புகளை வேறு லைனுக்கு மாற்றுமுன் எண் பட்டியலைத் திறந்து சரிபார்க்க வேண்டும் என்பது நான் வகுத்த விதி. பார்த்திருந்தால் லைனில் கோளாறில்லை என்பது தெரிந்திருக்கும். பணியிலிருந்தவர் திரையைப் பார்த்தார், ஆய்வுக் குழுவைப் பார்த்தார், அழைப்புகள் அனைத்தையும் மாற்று லைனுக்குத் திருப்பினார். அது பாதிச் சுமைக்கே உரியது. பதினொரு நிமிடம் அழைப்புகள் அறுந்தன. மாடிப்படியில் விழுந்து இடுப்பு முறிந்த ஒருவரால் ஐந்தாம் முறைதான் பேச முடிந்தது. ஓரகத்தியே எல்லையைக் கண்டு திருத்தினாள். நான் அவளருகில் நின்றும் வாய் திறக்கவில்லை. பட்டியலைப் பார்த்தாயா என்று பணியாளரைக் கேட்டேன். "செவப்பா இருந்துச்சு மேடம், மாத்திட்டேன். பட்டியலா? அது எங்க இருக்கு?" என்றார்.

அதன் பின்னர் விசாரணையில், மாற்றம் ஓரகத்தியின் பாஸ்வேர்டில் நடந்தது தெரியவந்தது. அறையில் இருந்தவள் நான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். இருந்தும், கை தவறி ஒரு பூஜ்ஜியம் விட்டுவிட்டதாக அவளே எழுதிக் கொடுத்தாள். அவளைப் பணியிடைநீக்கம் செய்தனர். நேற்றுப் பிற்பகல் தொலைபேசியில், "நான் பாத்துக்கறேன்க்கா. இந்த வயசுல நீங்க ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைய வேண்டாம்" என்றாள். பக்கத்திலிருந்த என் கணவர், "என்ன மனசு பாத்தியா அவளுக்கு" என்றார்.

ஆகவே இன்று காலை யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்தேன். அவள்மீது இரக்கப்பட்டு வந்ததாகப் பதிவு செய்ய வேண்டாம். என் எண்களை எடுத்துக்கொண்டு பெயர் வாங்கினாள்; பொறுத்தேன். என் குற்றத்தையும் எடுத்துக்கொண்டு நல்ல பெயர் வாங்குவதற்கு நான் உடன்படவில்லை.

இதைப் படித்துக் காட்ட முன்வந்தனர். வாங்கி நானே படித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். இதில் உள்ளவை நான் சொன்னவையே, உண்மையே. சுயநினைவுடன், எவர் வற்புறுத்தலுமின்றிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)