ஏசி வெடித்த எபிசோடு

— ...இதே மாமல்லபுரம் பீச்சுலதான் ஹெலன், கயிறு கட்டி ஜனங்கள நிறுத்தினாங்க. ஹீரோ கிருபாகரன, அதான் என்ன, ஒரு தபா தொட்டுப் பாக்கணும்னு...

— வாய ஆட்டாதீங்க சார். கட்டு நழுவுது.

— நீயெல்லாம் அப்போ பொறந்தே இருக்க மாட்ட.

— எங்கம்மா போயிருந்துச்சு சார். டூயட்டுக்கு யானை கொண்டாந்தாங்களாமே, அத்தப் பாக்க.

— ...யானை பின்னாலதான் நின்னுது.

— தலையத் தூக்குங்க. மேக்கப் போடறவள போயி பேண்டேஜு சுத்தச் சொல்றானுங்க, பேஜாரு. அப்பால படமே பண்ணலியா சார்?

— சின்னத்திரை விடலியேம்மா! மாமனார், நாட்டாமை, பேய்... நான் போடாத வேஷம் எது?

— மூட்டுவலித் தைலம்.

— அது விளம்பரம். அதுலயும் ஒரு குணச்சித்திரம் இருந்துச்சு.

— சமையல் போட்டி? மொத வாரமே...

— அடுப்பு சரியில்ல. விடு.

— ஊரப்பாக்கத்துல எங்க வூட்டாண்ட, நீங்க செத்துட்டீங்கன்னே நெனச்சிக்கினு கீறாங்க சார்.

— சாகல, கோமா. சீரியல ஒழுங்கா பாக்கச் சொல்லு.

— கேரக்டர் இல்ல சார். உங்களத்தான்.

— ...கழுத்துகிட்ட கொஞ்சம் தளர்த்து.

— சார், உங்க கேரக்டரு பொழைக்குமா, பூடுமா? யார்னா சொன்னாங்களா?

— யார் சொல்லணும்? நானே டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன். “தம்பி, என்னைக் கொன்னுடு. சினிமா கூப்பிடுது”ன்னு. பையன் ஆடிப்போய்ட்டான். “அண்ணே, நீங்க போனா சீரியலே படுத்துடும்”னு கெஞ்சறான்.

— எந்தப் படம் சார்?

— அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது.

— ஹெலனக்கா! கட்டு முடிஞ்சுதா இல்லியா? டைரக்டர் கத்தினு கீறாரு!

— அஞ்சு நிமிஷம்டா மணி! கத்தட்டும்... சார், இன்னிக்கு சீனு படிச்சீங்களா?

— எனக்கு வசனம் இல்ல. டாக்டருக்குத்தான். “முகம் முழுக்க வெந்துபோச்சு, பிளாஸ்டிக் சர்ஜரிதான் வழி.”

— கோமாவுல படுத்துனு கீறவரு மூஞ்சி எப்டி சார் வேவும்?

— ஆஸ்பத்திரி ஏசி வெடிச்சுடுது.

— மூஞ்சிய மட்டும் பாத்தா வெடிச்சுது?

— அருமையான திருப்பம் ஹெலன்! பெரிய மூளை யோசிச்சிருக்கு.

— தூ... இதுக்கு ஒரு மூளையா? ஏன் சார் சிரிக்கிறீங்க? கட்டு பிரியுது.

— ஒண்ணுமில்ல. நீ சுத்து.

— சார்... சர்ஜரி முடிஞ்சு கட்டு பிரிப்பாங்க இல்ல...

— ம்.

— அப்போ... மூஞ்சி... எப்டி சொல்றது...

— சொல்லு, சொல்லு. மூஞ்சி இல்லாதவன்கிட்ட என்ன கூச்சம்?

— காலையில கீழ் ரூம்ல ஒர்த்தருக்கு மேக்கப் போட்டேன் சார். பார்த்திபன்னு பேரு. உங்க சட்டைய மாட்டி, உங்க மீசைய ஒட்டி டெஸ்ட் எடுத்தாங்க. கட்டு பிரிச்சா அவருதான். உங்ககிட்ட மூச்சு வுடக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. மனசு கேக்கல... சார்? அழுவாதீங்க, துணி நனையுது. உங்களுக்குத்தான் சினிமா கீதே...

— எந்த சினிமா? ஒரு மயிரும் இல்ல. போன வாரமே என்னச் சாவடிச்சு, போட்டோவுக்கு மாலை போடறதா இருந்தானுங்க. டைரக்டர் வூட்டு வாசல்ல நின்னு, “ஏசிய வெடிக்க வுடு தம்பி, மூஞ்சி கூட வேணாம், கட்டோடயாவது படுத்துக்கறேன்”னு கெஞ்சினது நான்தான். அந்தப் பார்த்திபன் வர்ற வரிக்கும் இந்தக் கட்டிலு எனக்குத்தான்... இறுக்கிக் கட்டும்மா, சீக்கிரமா அவுந்துடப் போவுது.