சம்பளச் சீட்டைச் சத்தமாப் படி

ஹலோ... ஹலோ, சொல்லுங்கப்பா... அட, பாப்பாவா? அப்பா போன்ல கூப்பிட்டா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?... ஆமா, அண்ணன்தான் பேசுறேன். குரலா? மூக்குல துண்டைக் கட்டியிருந்தேன்... சளி, சளி. சாதாரண சளிதான். ரெண்டு பேரும் பேங்க்ல இருக்கீங்களா?... சரி... சரி... முன்னாடி இன்னும் எத்தனை பேரு?... மூணு பேரா...

என்னது? என் சம்பளச் சீட்டா? அது எதுக்கு?... அப்பா ரிட்டையர் ஆனவரு, சரி... அதனால உன் படிப்புக் கடனுக்கு நான் ஜாமீன் போடணும்... ஆமா, ஆமா, புரியுது. இப்பவேவா? நாளைக்குக் குடுத்தா ஆகாதா?... அனுப்ப மாட்டேன்னு யாரு சொன்னா? ஆபீஸ்ல... ஆபீஸ்ல பிரிண்டர் ரிப்பேர்... போட்டோ எடுத்தாப் போதுமா. ம்.

இரு. அப்பா பக்கத்துலயா இருக்காரு?... நீ கொஞ்சம் வெளிய வா. படிக்கட்டுக்கு வா... வந்துட்டியா? பாப்பா, அந்த ரெண்டாவது அட்மிஷன் லிஸ்ட் வர்ற வரைக்கும் பொறுத்தா என்ன? கவர்மென்ட் காலேஜ்லயும் அதே ஜுவாலஜிதான். அதே தவளை, அதே மண்புழு... தெரியும், அங்க மைக்ரோஸ்கோப் நாலு பேருக்கு ஒண்ணுதான்... ஆமா, நான்தான் சொன்னேன். சேர்ந்தா எங்க காலேஜ்லதான் சேரணும்னு நான்தான் சொன்னேன். வாய்க்கொழுப்பு...

ஒரு நிமிஷம்... இதோ வர்றேன் சார்! ஸ்டோர் ரூம் முடிஞ்சுது, சிங்க் அடிதான் பாக்கி!... யாருமில்ல, எங்க சூப்பர்வைசரு. ஏன், லேப்ல சிங்க் இருக்காதா? கேள்வியப் பாரு.

என்ன கணக்கு? எழுதியே வெச்சிருக்கியா? படி... ம்... அஞ்சு லட்சம் கடன்... ம்... வட்டி... படிச்சு முடிச்சதும் மாசம் நாப்பத்தெட்டாயிரம். அதுல பாதியக் கட்டினா ரெண்டரை வருஷத்துல அடைஞ்சிரும்... அந்த நாப்பத்தெட்டு எங்கேருந்து வந்துச்சு?... ஓ. என் சம்பளமா.

அத நம்பித்தான் அப்பாவும் பேங்க்குக்கு வந்திருக்காரா?... வீட்டுப் பத்திரத்தையும் கொண்டாந்திருக்காரா! பத்திரத்தைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே! அந்த வீட்டைத் தவிர அவருக்கு வேற என்ன இருக்கு?

பாப்பா, குறுக்க பேசாமக் கேளு. என் சம்பளம் பத்தொன்பதாயிரம்... இல்ல, பிடித்தம் போக இல்ல. மாசத்துக்கு மொத்தமே அவ்வளவுதான்... விளையாடல... ஆராய்ச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூச்சிமருந்து அடிக்கிறேன். கரப்பான், எலி, கரையான். இப்பகூட ஒரு ஹோட்டல் சமையலறைலதான் நிக்கிறேன். இங்க சமையல்காரர் என்னை டாக்டர்னுதான் கூப்பிடுறாரு, ஒருத்தரும் பொழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும்... மூணு வருஷமா. ஆமா, மூணு வருஷமாவும் இதான்.

ஏன் பொய் சொன்னேனா? மொத மாசம் அப்பா ஆசையா எவ்வளவுன்னு கேட்டாரு. வாயில முப்பதுன்னு வந்துருச்சு. அப்புறம் வருஷா வருஷம் இன்க்ரிமென்ட்டையும் நானே போட்டுக்கிட்டேன்... சிரிக்காத. எனக்கே அசிங்கமா இருக்கு.

அதுல ஏழாயிரம் என் படிப்புக் கடனுக்குப் போகுது. இன்னும் ஆறு வருஷம் போகும். வீட்டுக்கு அஞ்சு... ரூமா? ரூம் எங்க இருக்கு? கம்பெனி குடோன்லதான் படுத்துக்கறேன்.

படிக்காதன்னு நான் சொல்லவே இல்ல! படிச்சது பிடிக்கலன்னு என்னிக்காவது சொன்னேனா? நேத்துகூட ஒரு கரப்பானோட முட்டைப்பையைக் கையில வெச்சுப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன், சூப்பர்வைசரு கத்துன கத்துல சமையலறையே திரும்பிப் பாத்துச்சு. படி. நல்லாப் படி. ஆனா வீட்டை வெச்சுப் படிக்காத. என் கூடப் படிச்ச நாப்பது பேர்ல ரெண்டே பேர்தான் லேப்ல இருக்காங்க. அவங்களும் மேல மேல படிச்சவங்க. அதுக்கு எனக்கு வழியில்லாமப் போச்சு...

அழாத. படிக்கட்டுல நின்னு அழாத, போறவங்க வர்றவங்க பாப்பாங்க... துண்டா? ஆமா, சளி இல்ல. மருந்து நெடிக்குக் கட்டுறது. மாஸ்க் கேட்டா அடுத்த மாசம், அடுத்த மாசம்னு ஒரு வருஷமா சொல்றாங்க... கொஞ்சம் நெஞ்சு எரியும், அவ்வளவுதான். அப்பாகிட்ட அத மட்டும் சொல்லிராத, என்ன?

கூப்பிட்டுட்டாங்களா? இரு... உன் போனுக்குச் சீட்டை அனுப்பிட்டேன். வந்துச்சா?... உள்ள போ. அப்பாகிட்ட போனைக் குடு. நானே சொல்லிக்கறேன். குடு.

அப்பா... சாப்பிட்டேன்பா. ஆமா... ஆமா, அனுப்பிட்டேன், அவ போன்ல இருக்கு பாருங்க. அப்பா, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்... கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டீங்களா? சரி, அவளப் படிக்கச் சொல்லுங்க...

எவ்வளவுன்னா?... நாப்பத்தெட்டா? அப்படியா படிச்சா?

இல்லப்பா. அவ பொய் சொல்றா. எனக்காகச் சொல்றா. பேனாவக் கீழ வைங்க. பாப்பா! ஏய், கேக்குதா? உள்ளத உள்ளபடி படி! சத்தமாப் படி!...

...ஆமாப்பா. அவ்வளவுதான்... மருந்து அடிக்கிற வேலை. பூச்சிமருந்து... ஆமா... ஆமாப்பா... மூணு வருஷமா.

அப்பா?... திட்டுங்கப்பா. பொய் சொன்னதுக்குத் திட்டுங்க...

என்னது? மாஸ்க்கா?... போடுறேன்பா. போடாம எப்படி? கம்பெனியே குடுத்திருக்கு. நல்ல மாஸ்க், மூக்கு வாய் ரெண்டையும் நல்லா மூடும்... சத்தியமாப்பா... நான்தான் சொல்றேன்ல, அவகிட்ட எதுக்கு? அவளுக்கு என்ன தெரியும்? அப்பா... அப்பா, பாப்பாகிட்ட கேக்காதீங்க... ஹலோ?... அப்பா?