பாட்டைப் பாதியில் விட்டுப் போன எமரால்டு அக்கா

...பாட்டு முடிஞ்சுது, ஆசீர்வாதம் கூறியாச்சு, செருப்பை மாட்டியாச்சு. ஆராதனை முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போயிடுறோம். முடிஞ்சுதா? கொஞ்சம் இருங்க. நடந்த ஒண்ணைச் சொல்றேன். சின்னதுதான். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

அப்போ நான் திருச்செந்தூர் பக்கம் ஒரு சேகரத்துல போதகரா ஊழியத்துல இருந்தேன். எங்க கோயில் பாடகர் குழுவுல எமரால்டுன்னு ஒரு அக்கா. குரல்னா அப்படி ஒரு குரல். அவங்க தனியா பாட நின்னா, கடைசி பெஞ்சுல தூங்குறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். பஜார்ல தையல் கடை வச்சிருந்தாங்க. அஞ்சு பெண்கள் வேலை. அதுல ஒருத்தி இசக்கியம்மாள். நம்ம சபை இல்ல. ஆனா கடைச் சாவி அவ கையிலதான் இருக்கும். தினமும் காலையில கடையைத் திறக்கிறது அவதான்.

கிறிஸ்துமஸ் நெருங்குது. பாடகர் குழுவுக்குப் புது வெள்ளை அங்கி அந்தக் கடையிலதான் தைக்கிறாங்க. ஒரு சனிக்கிழமை, இசக்கி ஒரு அங்கியைத் தேய்ச்சுட்டு இருக்கா. கரண்ட் போச்சு. இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலயே வச்சுட்டு, தண்ணி குடிக்கப் போயிட்டா. கரண்ட் வந்துடுச்சு. அவ திரும்பி வரும்போது... நெஞ்சுப் பக்கத்துல உள்ளங்கை அளவுக்குக் கருகிக் கிடக்கு.

எமரால்டு அக்கா பார்த்தாங்க. மத்த நாலு பேரும் மிஷினை நிறுத்திட்டாங்க. அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா?

"இது ஆண்டவர் சந்நிதியில போடுற உடுப்பு. இதை உன் கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். உன் கை பட்டதே தீட்டு. இனிமே இந்தப் பக்கம் வராத."

தீட்டு! துணி கருகினதுக்குத் திட்டுனா அது வேற. அந்த ஒரு வார்த்தை... அது துணியைப் பத்தினது இல்லை, அவளைப் பத்தினது. இசக்கி பையை எடுத்தா, போயிட்டா.

மறுநாள் ஞாயிறு. கோயில் நிறைஞ்சிருக்கு. பிரசங்கத்துக்கு முந்தின பாட்டு, எமரால்டு அக்காவோட தனிப்பாட்டு. ஆர்கன் ஆரம்பிச்சாச்சு. முதல் சரணம் பாடி முடிச்சாச்சு. அந்த நேரத்துல கோயில்பிள்ளை, மணியடிக்கிற நம்ம தேவசகாயம், மெதுவா பக்கத்துல போய்க் குனிஞ்சு சொல்றார்.

"அக்கா, உங்க கடைப் பிள்ளை வெளி கேட் பக்கத்துல நிக்குது. சாவியைக் குடுக்க வந்திருக்கு. உங்க வீட்டுக்குப் போயிட்டு இங்க வந்திருக்கு."

"உள்ள வரச் சொல்லுங்க. பாட்டு முடிச்சுட்டு வாங்கிக்கிறேன்."

"சொன்னேன்க்கா. வர மாட்டேங்குது..."

"ஏன்?"

அவர் தயங்குறார். அப்புறம் சொல்றார். "'உள்ள பாடுறது வேற யாரோ. எனக்குக் கடைக்கார அக்காவைத்தான் பார்க்கணும்'னு சொல்லுது."

ஆர்கன் வாசிச்சிட்டே இருக்கு. ரெண்டாம் சரணம் வரணும். வரல. எல்லாரும் பார்க்கிறோம். எமரால்டு அக்கா பாட்டுப் புஸ்தகத்தைப் பக்கத்துல நின்ன பிள்ளை கையில குடுத்தாங்க. அங்கியோட அப்படியே பெஞ்சுகளுக்கு நடுவுல நடந்து, வாசலைத் தாண்டிப் போயிட்டாங்க. சபை முணுமுணுக்குது. நானும் ஒண்ணும் புரியாம பிரசங்க மேடையில ஏறி நிக்கிறேன்.

வெளிய என்ன நடந்துதுன்னு அப்புறம் தேவசகாயம்தான் சொன்னார். அக்கா அழுதுகிட்டே கையைப் பிடிச்சாங்களாம். "இசக்கி, நான் பேசினது பாவம். என்னை மன்னிச்சிரு."

இசக்கி கையை உருவிக்கிட்டா. கோபமா இல்ல, நிதானமா சொன்னாளாம். "இங்க யாரும் இல்லாத இடத்துல சொல்றீங்கக்கா. அங்க நாலு பேர் பார்த்துட்டு இருக்கும்போதுல்லா சொன்னீங்க. அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

சாவியை நீட்டுறா. அக்கா வாங்கல. "நாளைக்கு நீயே கொண்டு வா. அவங்க முன்னால சொல்றேன்."

"வருவேன்னு சொல்லலக்கா," அப்படின்னுட்டுப் போயிட்டா.

திங்கட்கிழமை. கடை பூட்டிக் கிடக்கு. நாலு பெண்களும் படியில நிக்கிறாங்க. முதலாளி எமரால்டு அக்காவும் அவங்களோட வெயில்ல நிக்கிறாங்க. பஜாரே வேடிக்கை பார்க்குது. ஒருத்தி கேக்கிறா, "பூட்டை உடைச்சிரலாமாக்கா?" "வேண்டாம். அவ வரட்டும்."

வந்தா. ரொம்ப நேரம் கழிச்சு வந்தா. அக்கா அந்தப் படியில, நாலு பேர் முன்னால, பக்கத்துக் கடைக்காரங்க கேக்க, சத்தமாச் சொன்னாங்க. "இசக்கி கையைத் தீட்டுன்னு சொன்னேன். தீட்டு அவ கையில இல்ல, என் வாயிலதான் இருந்துது. அவகிட்ட மன்னிப்புக் கேக்கிறேன்."

இசக்கி பூட்டைத் திறந்தா. உள்ள போய் அவ மிஷின்ல உட்கார்ந்தா. அவ்வளவுதான்.

அன்னைக்குச் சாயங்காலம் அக்கா என்கிட்ட வந்தாங்க. "ஐயா, நேத்து ஆராதனையில பாட்டைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டேன். மன்னிச்சிருங்க."

நான் சொன்னேன்: "நீங்க விட்டுட்டுப் போகலம்மா. கோயிலுக்குள்ள பாதி பாடினீங்க. மீதியை இன்னைக்குக் கடைப் படியில பாடிட்டு வந்திருக்கீங்க."

அன்பானவங்களே, ஆராதனைங்கிறது அதுதான். நாம கையை உயர்த்துறோமே, அந்தக் கையை நம்ம ஆண்டவர் திங்கட்கிழமையும் பார்க்கிறார். கோயில்ல அவருக்கு ஒரு வாய், வீட்டுல வேலைக்காரிக்கு ஒரு வாய்னு நமக்கு ரெண்டு வாய் இருக்கா? ஒண்ணுதான். அவரைத் துதிக்கிற வாயால அவர் படைச்ச மனுஷியை நொறுக்கிட்டு, அடுத்த சரணம் பாட முடியுமா? முடியாது. ராகம் சரியா இருக்கும். ஆராதனை இருக்காது.

இப்போ உங்க மனசுல ஒரு முகம் வருதா? ஆபீஸ்ல ஒருத்தர்... சமையல்கட்டுல ஒருத்தி... உங்க கூடப் பிறந்தவங்க... வருதுன்னா, அதைத் தள்ளிவிடாதீங்க. போங்க. எத்தனை பேர் முன்னால காயப்படுத்தினீங்களோ, அத்தனை பேர் முன்னால பேசுங்க. பாட்டு காத்திருக்கும். ஆண்டவரும் காத்திருப்பார். அந்த மனுஷி காத்திருக்க வேண்டாம்.