மஞ்சள் தெரியாத புகைபோக்கி

இந்த அறையில் காற்று நன்றாக வருகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஜன்னலை மூட வேண்டாம்.

வென்ஜோ நகரில் எங்கள் எஃகுக் குழாய் ஆலையில் புகை கழுவும் கோபுரம் பதினொரு வருடங்களாக என் பொறுப்பு. குழாய்களை நைட்ரிக் அமிலத் தொட்டியில் முக்கினால் மஞ்சள் புகை கிளம்பும். விசிறி அதை இழுத்துக் கோபுரத்துக்குள் தள்ளும். உள்ளே காஸ்டிக் சோடா கரைசல் மழையாகப் பொழியும். புகை அதில் கரைந்து உப்பாகிவிடும். அந்த உப்பே கரைசல் தெளிக்கும் நாசில்களை அடைக்கும் என்பதால் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும்.

முன்பெல்லாம் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் எங்கள் புகையை மஞ்சள் டிராகன் என்று திட்டுவார்கள். நான் வந்தபின் திட்டு நின்றது. போன வசந்த விழாப் புத்தாண்டுக்குத் தெருப் பெண்கள் கூட்டமாக வந்து, தங்க எழுத்துப் பதித்த சிவப்பு வெல்வெட் கொடி ஒன்றை என்னிடம் தந்தார்கள். 'எங்கள் வானத்தைக் கழுவியவருக்கு' என்று அதில் இருந்தது. அப்பா இறந்தபோதுகூட அழாதவன் அன்று அழுதேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நாசில்கள் அடைத்துக்கொண்டன. இரண்டு மாதமாகக் கழுவாமல் தள்ளிப்போட்டது என் தப்பு. கொடி தந்த பெண்கள் எதிர்க்கரையில் கைவிசிறி நடனம் ஆடிக்கொண்டிருந்தார்கள். புகைபோக்கி நுனியில் மஞ்சள் தட்டியது. தொட்டி வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கலாம், ஆனால் காரணம் கேட்பார்கள். புகையை இழுக்கும் குழாயில் வழியைத் திறந்து மூடும் தகட்டை முக்கால்வாசி மூடினேன். வானம் தெளிந்தது.

புகை எங்கே போகும் என்று கேட்கிறீர்கள். தொட்டிக் கொட்டகையிலேயே தங்கும். அன்று அங்கே ஹைபோ ஒருவன்தான் நின்றான். என் மனைவி சூலானின் தம்பி. நான்தான் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன்.

மதியம் இருமிக்கொண்டே வந்தான். "என்ன மாமா, உங்க டிராகன் இன்னைக்கு வெளிய போகாம உள்ளயே படுத்துக்கிச்சு போல" என்று சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டான்.

"வெறும் சளிடா. பால் குடிச்சிட்டுப் படு, சரியாயிடும்."

அந்தப் புகை உடனே கொல்லாது. சில மணி நேரம் ஆளை நடமாட விட்டுவிட்டு, பிறகு நுரையீரலில் நீர் கோக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தருவதே நான்தான். ஹைபோவும் கேட்டவன்தான். ஆனாலும் மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினான். ஆஸ்பத்திரியில் எந்தப் புகை என்று கேட்பார்கள், அதனால் நான் அனுப்பவில்லை.

அவன் எங்களோடுதான் தங்கியிருந்தான்; சாயங்காலம் வீட்டில் சூலான் நூடுல்ஸ் வைத்தாள். இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்தது நான்தான். இருட்டும்போது அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டான்.

சூலான் இன்னும் என் தோளில்தான் சாய்ந்து அழுகிறாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது. தகட்டை மூடியது நான். சாவான் என்று தெரிந்தே வீட்டுக்கு அனுப்பியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் அந்தக் கொடியை மட்டும் கழற்ற வேண்டாம் என்று ஆலையில் சொல்லுங்கள், ஐயா. அன்றைக்கும் வானத்தில் மஞ்சள் ஏறவில்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.