பாவம் பார்த்து அடித்த பந்து

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் எனக்கு எதிரே இரண்டு பேர் இருந்தார்கள். கையில் துணி சுற்றியிருந்தவர் நெடுந்தீவு உதைபந்தாட்ட அணி ஒன்றின் கோல் காப்பாளர். முந்தின நாள் வேலணையில் ஒன்பது கோல் வாங்கித் தோற்றிருந்தார். பக்கத்திலிருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி.

“பெரிய கிளப்புகள் எண்டா நாலைஞ்சு கோலுக்குப் பிறகு ஓட்டத்தைக் குறைச்சிடும், அத்தான்,” என்றார் தம்பி. “அடுத்த மட்சுக்குக் கால் வேணுமெல்லே.”

“அவங்கள் சம்பளத்துக்கு விளையாடுறவங்கள். ஆனா நேற்று எங்களுக்கு எதிரா விளையாடின பெடியளும் எனக்குப் பாவம் பாத்தவங்கள்.”

“ஒன்பது அடிச்சவங்களோ?”

“ஓம். எட்டாவதுக்குப் பிறகு அவங்கட முன்வரிசை ஆட்டக்காரன் பந்தோட தனிய வந்தான். நான் விழுந்து கிடந்தன். எழும்புமட்டும் பாத்துக்கொண்டு நிண்டவன். பிறகு பந்தை மெல்லமா என்ர கைக்கு நேரா உருட்டி விட்டான்.”

“பிடிச்சனீங்களோ?”

“அதுதான் ஒன்பதாவது.”

தம்பி சிரிப்பை அடக்கக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோல் காப்பாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அவன் ஓடிவந்து என்ர கையைப் பிடிச்சவன். ‘குறை நினையாதேங்கோ அண்ணை, சத்தியமா நான் கோலுக்கு அடிக்கேல்லை’ எண்டான்.”