நாற்காலிக்குப் பின்னால் நின்றவள்

— என்னடா பாலா இது, எள்ளக் கொட்டினாப்புல புள்ளிபுள்ளியா இருக்கு?

— கிட்டக்க பாக்காதக்கா. நாலடி தள்ளி நின்னு பாரு. இப்ப சொல்லு, அம்மா எப்படி இருக்காங்க?

— ம்.

— என்ன வெறும் ‘ம்’? ரெண்டு வாரமா யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் ரூம்லயே கெடந்திருக்கேன்லா.

— தெரியும்டா. அம்மாவ எரிச்ச மூணாம் நாளே படத்தத் தூக்கிக்கிட்டுப் பினாங்குக்குப் பஸ் ஏறினவன்தானே நீ. ரப்பர் தோட்டத்துல நம்ம லயத்து வீட்டுக்கு முன்னாடி எடுத்த அந்தப் பழைய படம்தானா இது?

— அதேதான். அப்ப எனக்கு ரெண்டு வயசாம். முகத்தையெல்லாம் பூஞ்சை தின்னுருச்சு. காமெரா வழியா படத்தக் கம்ப்யூட்டருக்குள்ள அனுப்பினா ஒவ்வொரு புள்ளியும் ஒரு நம்பராயிரும். கெட்டுப்போன எடத்தப் பக்கத்துப் புள்ளிய வச்சு நெரப்பறதுக்கு நானே புரோகிராம் எழுதினேன். இதான் என் கடைசி வருசப் படிப்பே. கண்ணு மூக்கு எல்லாம் திரும்ப வந்திருச்சு பாத்தியா? உன் சாடை அப்படியே இருக்குன்னு நானே அசந்துட்டேன். தாய்க்கும் மகளுக்கும் ஒரே மூக்கு.

— பின்னால நின்ன ஆளு எங்கடா?

— எடுத்துட்டேன்.

— எடுத்துட்டேன்னா?

— உசிரோட இருக்கறவங்க நிக்கிற படத்துக்கு மால போடக்கூடாதுன்னு நீதானே சொன்ன? இன்னைக்குப் பதினாறாம் நாளு. நம்ம புந்தோங் ஊருச் சனம் பூரா வந்து கும்புடப்போவுது. அதான் உன்னைய அழிச்சிட்டேன். ஓரத்துல இருந்த ரப்பர் பால்மரத்தக் காப்பி பண்ணி, நீ நின்ன எடத்துல நட்டுட்டேன்.

— தோளு மேல ஒரு கை இருந்துச்சே.

— அதுதான் ரொம்ப சுசா, பட்ட கஷ்டம் கொஞ்சமில்ல. விரல் விரலா எடுத்தேன், அதுக்கே மூணு நாளு. சேல மடிப்பக் கொண்டாந்து மூடிட்டேன். இப்ப தெரியுதா? தெரியாது.

— தலைத்துணி... பால் வாளி...

— எல்லாம் போச்சு. நல்லதுதான்க்கா. இன்னைக்கு என் கூட்டாளிங்க வராங்க, லெக்சரரும் வரேன்னாரு. எம்பத்தாறாம் வருசம் வந்தும் நம்ம வீட்டுச் சுவத்துல பால்கறை புடிச்ச துணியோட ஒருத்தி நின்னா எப்படி இருக்கும்? லேப்லயே ஒருத்தன் கேட்டுட்டான், பின்னால நிக்கிறது யாருன்னு.

— நீ என்ன சொன்ன?

— வேலைக்காரின்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்காத லா. அவன் கோலாலம்பூர் டாக்டர் மகன். அவன்கிட்ட வேற என்னத்தச் சொல்றது?

— அது யாருன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?

— இதுல கேக்க என்ன இருக்கு? நெனவு தெரிஞ்ச நாளா உன்னைய அந்தக் கோலத்துலதானே பாக்கறேன். இருட்டோட பெரட்டுக்குப் பேர் குடுக்க ஓடுவ, மத்தியானம் பால் நாத்தத்தோட வருவ. பெரியவங்க நாக்காலில உக்காருவாங்க, சின்னவங்க பின்னால நிப்பாங்க. அதுவும் உக்காந்திருக்கறவங்க மேல பட்டுச்சேல, அட்டிகை... உனக்கேதுக்கா அதெல்லாம்? உனக்குத்தான் கல்யாணமே ஆவலியே.

— அட்டிகை அம்மாவோடதுதான்.

— அப்புறமென்ன?

— ஒண்ணுமில்ல. பழைய படத்தக் குடு.

— அது... வெளிச்சம் பத்தாம பெரிய வெளக்குப் போட்டோம்க்கா. சூட்டுல மேல வச்ச கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. பிச்செடுக்கறப்ப செதில் செதிலா உரிஞ்சு போச்சு. குப்பையில போட்டுட்டேன்.

— அந்த நம்பரு? கம்ப்யூட்டருக்குள்ள போன நம்பரு இருக்கும்ல?

— எல்லாருக்கும் சேத்து ஒரே டிஸ்க்கு. எடம் பத்தாது. புதுசு வைக்கணும்னா பழச அழிச்சாவணும். அழிச்சிட்டேன்.

— சுத்தமாவா?

— சுத்தமா. ஏன் இப்படிக் கேக்கற?

— அம்மாவோட ஐசி கார்டுல இருந்த படம்...

— அத ரெஜிஸ்ட்ரேசன் ஆபீசுல வாங்கிக்கிட்டாங்கன்னு நீதானே சொன்ன. அதனாலதானே இந்தப் பாடு பட்டேன்? அம்மா முகத்தப் பாக்க இனிமே இது ஒண்ணுதான்க்கா. ஐயோ, எதுக்கு இப்ப மாரடிச்சு அழுவுற? உன் உருவம் போனதுக்கா இவ்ளோ அழுகை? நீ உசிரோடதானே இருக்க! ஈப்போ டவுன்ல ஸ்டூடியோவுக்குப் போனா நாளைக்கே கலர்ல எடுத்துக்கலாம். கண்ணத் தொடச்சுக்க. வாசல்ல ஆளுங்க வந்துட்டாங்க.

— அந்தப் படம் எடுத்த அன்னைக்குத் தாப்பாவுல இருந்து என்னையப் பொண்ணு பாக்க வந்தாங்கடா. தனக்குன்னு இருந்த ஒரே பட்டுச்சேலைய எனக்குக் கட்டிவிட்டு, அட்டிகையக் கழட்டிப் போட்டு, அம்மாதான் என்னைய அந்த நாக்காலில உக்கார வச்சுச்சு. அதுக்கு மாத்திக்க நல்ல துணி இல்ல. பால்காட்டுல இருந்து வந்த கோலத்தோட, வாளியக்கூட எறக்கி வைக்காம, என் பின்னால வந்து நின்னு தோள்ல கை வச்சுச்சு. மாலைய இப்படிக் குடு பாலா. என் படத்துக்கு நானே போட்டுக்கறேன்.