உப்பு இருக்கும் பக்கம்

ஃபெரிப் படகில் எனக்கு முன் பெஞ்சில் ஒரு புதுமணத் தம்பதி.

“இடம் மாத்தி வச்சா, பழைய இடத்திலேயே போய்த் தேடுது,” என்றான் அவன்.

“எது?”

“ஆபீஸ்ல நான் எழுதின ப்ரோக்ராம். அதுக்கு வேண்டிய ஒரு ஃபைலை வேற ஃபோல்டருக்கு மாத்தினேன். ப்ரோக்ராமுக்குள்ள அந்த ஃபைலோட பழைய அட்ரஸ்தான் இருக்கு.”

அவள் கடலைப் பார்த்தாள். “நானும் அப்படித்தான். உங்க வீட்டு அடுப்படியில உப்பெடுக்க இடது பக்கமே கை போகுது. அத்தை பார்த்துக்கிட்டே இருக்காங்க.”

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“அப்புறம் அந்த ப்ரோக்ராமை எப்படிச் சரி பண்ணினீங்க?”

“முழு அட்ரஸ் வேணாம், நீ இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல தேடுன்னு மாத்தி எழுதினேன்.”

ஃபெரி கரையை நெருங்கியது.

“உங்க அம்மா வீட்ல உப்பு அடுப்புக்கு இடது பக்கமா?” என்றான்.

“ஆமா.”

“எங்க வீட்லயும் அடுப்பு இருக்குல்ல. இன்னிக்கே அதுக்கு இடது பக்கம் உப்பு வைக்க ஒரு பலகை அடிச்சிடறேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”